உப்புப் பூத்த தொட்டிகள்

காலை ஐந்து நாற்பது. மே மாதத்து வியாழக்கிழமை. மொட்டை மாடியில் நீல டிரம்மின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் நாலு விரல் உயரத்துக்குத்தான் தண்ணீர் கிடந்தது. மூடியைப் போட்டுவிட்டு, பக்கத்திலிருந்த கறுப்பு டிரம்மைத் திறந்து அதில் மக்கை முக்கினேன். எல்லாம் கெடத் தொடங்கியது அப்போதுதான்.

நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்கு என் ஞாபகசக்தி காரணமல்ல. நானே எழுதி வைத்திருக்கிறேன். என் மகள் மாதவரத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு இரண்டு வாரம் லீவுக்குப் போகும்போது, கோடு போட்ட நோட்டு ஒன்றை என் கையில் கொடுத்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிய நேரத்தைத் தினமும் அதில் குறிக்கச் சொல்லியிருந்தாள். "5.40. தண்ணீர் ஊற்றினேன்" என்று எழுதினேன். எந்தத் தண்ணீர் என்று எழுதவில்லை.

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தண்ணீருக்கு இரண்டு நிறம் உண்டு. லாரியில் வருவது நல்ல தண்ணீர். குடிக்க, சமைக்க. அதற்கு நீலக் குடம், நீல டிரம். போர்வெல்லில் வருவது உப்பு. துணிக்கு, தரைக்கு, கக்கூசுக்கு. அதற்கு வேறு எந்த நிறமும் இருக்கலாம், நீலம் மட்டும் கூடாது. கடல் எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். மண்ணுக்கு அடியில் அது எப்போதோ வீட்டுக்கே வந்துவிட்டது. போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. குழாய் வாயில் வெள்ளையாகப் படியும். தெருப் பிள்ளைகள் எழுத்துப் படிக்கும் முன்பே இந்த நிறத்தைப் படித்துவிடுவார்கள். புதிதாகக் குடிவருகிறவர்கள்தான் மாற்றி முக்குவார்கள். நான் பதினாறு வருடமாக இதே தெருவில் இருக்கிறேன். தெரிந்தேதான் முக்கினேன்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மார்கழியில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். அந்த மூன்று நாளுக்குப் பிறகு நான் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தேன். தெருவில் விளையாடக் கூடாது, புழுதி. டி.எச். ரோட்டில் சைக்கிள் கூடாது, புகை. எக்ஸ்பிரஸ் ரோடு பக்கமே போகக் கூடாது, கன்டெய்னர் லாரி. அந்த ரோட்டைத் தாண்டித்தான் கடல் என்பதால் கடலும் கூடாது. எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வண்டிகளுக்கு கேட் பாஸ் போடுவது என் வேலை. நாள் முழுக்க லாரி எண்களை எழுதுகிறவனுக்கு, அவற்றை ஓட்டுகிறவர்கள் எத்தனை மணி நேரம் தூங்காமல் வருகிறார்கள் என்று தெரியும். என் மனைவி ராயபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறாள். "நீங்க இப்படியே போனா, அவளை ஃப்ரிட்ஜுலதான் வெச்சு வளர்க்கணும்" என்பாள்.

மிச்சமிருந்தது மொட்டை மாடி. மகள் அதைப் பூவால் நிரப்பினாள்.

முதலில் இரண்டு தொட்டி. பிறகு உடைந்த பக்கெட், பெயின்ட் டப்பா, மீன் வரும் தெர்மகோல் பெட்டி எல்லாம் தொட்டியாயின. குண்டுமல்லி, நாட்டு ரோஜா, காசித்தும்பை, கைப்பிடிச் சுவரில் படரவிட்ட சங்குப்பூ, பத்துமணிப் பூ, அந்திமந்தாரை. எது எத்தனை மணிக்கு விரிகிறது என்று நோட்டில் எழுதுவாள். பத்துமணிப் பூ எங்கள் மாடியில் எட்டே முக்காலுக்கே விரிகிறது என்று கண்டுபிடித்த அன்று, பெயர் வைத்தவர்கள் நேரம் கழித்து எழுந்திருப்பவர்கள் என்றாள். துணிக்கொடியின் முனையில் தேன்சிட்டு கூடு கட்டியபோது, முப்பது நாளைக்கு யாரும் அந்தக் கொடியில் துணி போடக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினாள். வீட்டுக்கார அம்மா அதைப் படித்துவிட்டு, "குருவிக்கும் வாடகை வாங்கிக்குடு" என்றார்கள். இலைகளில் கறுப்பாகப் படியும் தூசியை ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பாள். துணியை முகர்ந்து பார்ப்பாள். இன்றைக்கு நிலக்கரி, இன்றைக்கு லாரி என்பாள். எனக்கு எல்லாம் ஒரே வாசனைதான்.

காலையில் மீன்காரம்மா தெருவுக்கு வந்தால் ஒரு மக்கை எடுத்துக்கொண்டு கீழே ஓடுவாள். மீன் கழுவிய தண்ணீர் ரோஜாவுக்கு நல்லது என்பது எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மகள் அவர்களை அக்கா என்பாள். ஐம்பது வயதுக்குக் குறையாது.

"இன்னாடி கண்ணு, ரோசாக்கு கொயம்பு வெக்கப் போறியா?"

"இது பச்ச மீன் தண்ணிதானே அக்கா? கருவாடு கழுவினது இல்லியே? உப்பு ஆகாது."

"கருவாடு கய்வி உன்கிட்ட குடுப்பனா? எங்க குப்பத்தாண்ட வா, ஒரு கொடி கீது. அடம்பு. ஒரு பய தண்ணி ஊத்தறதில்ல. கடலே வந்து ஊத்திட்டுப் பூடும். பூவப் பாக்கணுமே, கத்திரிப்பூ கலரு, இத்தாம் பெருசு."

மகள் தலையைத் தூக்கி மாடிப் படியில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. கையை ஆட்டியது எனக்கு மறந்துபோனது. அவளுக்கு மறக்கவில்லை.

அந்த வருடம் மே மாதம் பிறந்ததிலிருந்தே லாரி ஒழுங்காக வரவில்லை. வாரம் இரண்டு முறை வருவது ஒரு முறையானது. அதிலும் எங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது குழாயில் காற்றுதான் மிச்சம். மகள் புறப்படுமுன் மாடியில் நீல டிரம்மை நிரப்பி, மூடியின் மேல் செங்கல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். திங்கள், செவ்வாய், புதன் அதிலிருந்து ஊற்றினேன். புதன்கிழமை மாலை குடிக்கவே தண்ணீர் இல்லாமல், நானே அதிலிருந்து நாலு குடம் கீழே இறக்கினேன். மறுநாள் காலைதான் அந்த ஐந்து நாற்பது.

எனக்கு ஒரு நியாயமும் கிடைத்தது. கீழ் வீட்டு வாசலில் வீட்டுக்கார அம்மா ஒரு அரளி வைத்திருந்தார்கள். மரமாகிவிட்ட அரளி. வருடம் முழுக்கப் போர் தண்ணீர்தான்.

"குடிக்கத் தண்ணி இல்ல, இதுல பூவுக்கு அபிஷேகமா சார்?" என்று அவர்கள் கேட்டார்கள். "என் அரளியப் பாரு. போர் தண்ணிதான். ஜம்முனு கீது பாரு."

ஜம்மென்றுதான் இருந்தது. பூ என்றால் எல்லாம் பூதானே என்று நினைத்துக்கொண்டேன். படித்த ஆள் நினைக்கக்கூடிய நினைப்பா இது என்று இப்போது தோன்றுகிறது. அன்று காலை எனக்குத் தோன்றியதெல்லாம், ஏழு மணி வண்டியைப் பிடிக்க வேண்டும், இடுப்பு வலிக்கிறது, பன்னிரண்டு தொட்டி இருக்கிறது என்பது மட்டும்தான். அடுத்த வாரம் லாரி ஒருமுறை வந்தது. அந்தத் தண்ணீரை மாடிக்குத் தூக்கியிருக்கலாம். அதற்குள் கறுப்பு டிரம் பழகிவிட்டது.

மூன்றாம் நாள் காசித்தும்பை தலை சாய்ந்தது. ஐந்தாம் நாள் மல்லி இலைகளின் ஓரம் தீயில் காட்டியதுபோல் கருகிற்று. மொட்டுகள் விரியாமலே பழுப்பாகி உதிர்ந்தன. வாடுகிறதே என்று இன்னும் ஒரு மக் கூடுதலாக ஊற்றினேன். அதுவும் அதே தண்ணீர். தொட்டிகளின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளையாக உப்புப் பூத்தது. அதை விரலால் சுரண்டிவிட்டு, மேலே கொஞ்சம் தேங்காய் நாரைத் தூவினேன்.

சாயங்காலம் போனில் கேட்பாள்.

"மல்லி பூக்குதாப்பா?"

"பூக்குது, பூக்குது."

"இன்னிக்கு எத்தனை?"

"எண்ணலம்மா. நிறைய."

பத்து நாள். நோட்டில் அந்தத் தண்ணீருக்குப் பத்து வரி. எல்லா வரியிலும் ஐந்து நாற்பது, ஐந்து நாற்பத்தைந்து. முன் பக்கங்களில் அவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று ஒருநாளும் நான் புரட்டிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பெரியப்பா அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். என் மனைவிக்கு அன்று டூட்டி. மகள் பையைக் கூடத்தில் போட்டுவிட்டு நேராக மாடி ஏறினாள். நான் பின்னாலேயே போனேன். வழியெல்லாம் இந்த வருடத்து வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டே போனேன். கத்திரி வெயில், யார்டில் ஒரு டிரைவர் மயங்கி விழுந்துவிட்டார், பறவைகள்கூட வரவில்லை என்றெல்லாம்.

அவள் தொட்டிகளை ஒருமுறை பார்த்தாள். மல்லித் தொட்டியின் அருகே குந்தி, தேங்காய் நாரை ஒதுக்கினாள். மண்ணில் விரலை வைத்து எடுத்து, நாக்கில் தொட்டுக்கொண்டாள்.

"போர் தண்ணியாப்பா?"

"இல்லம்மா. வெயில்."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு கீழே போனாள். சாப்பிடக் கூப்பிட்டேன், சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் சாம்பார் என்றேன், போதும் என்றாள். நான் ஃபேனுக்கு அடியில் பாயைப் போட்டுப் படுத்தேன். இரண்டு வாரக் களைப்பும், பொய்யைச் சொல்லி முடித்த களைப்பும் சேர்ந்து அமுக்கியது.

கண் விழித்தபோது நாலு இருபது. வீடு அமைதியாக இருந்தது. ஃப்ரிட்ஜின் மேல் அவளுடைய இன்ஹேலர் இருந்தது. வாசலில் அவள் செருப்பு இல்லை.

இன்ஹேலர் இல்லாமல் அவள் பக்கத்துக் கடைக்குக்கூடப் போக மாட்டாள். போகக் கூடாது என்று வளர்த்திருக்கிறேன். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். இல்லை. இரண்டு கையையும் கைப்பிடிச் சுவரில் ஊன்றித் தெருவை எட்டிப் பார்த்தேன். இல்லை. நோட்டு மட்டும் மல்லித் தொட்டியின் மேல் கிடந்தது. என்னுடைய கடைசி வரிக்குக் கீழே அவள் கையெழுத்தில் புதிதாக இரண்டு வரி.

"போர் தண்ணிதான். ருசி பார்த்தேன்."

"அடம்பு. உப்பு தாங்கும். அக்கா வீட்டுக்குப் பின்னாடி."

முன்பக்கத்தைப் புரட்டினேன். பூ விரியும் நேரங்கள் என்று நான் நினைத்திருந்த அட்டவணையில் இன்னொரு பத்தி இருந்தது. காற்று. "மேற்குக் காத்து. கெட்ட வாசனை. ரெண்டு தடவை இழுத்தது. அப்பாகிட்ட சொல்லல." "1.10க்குக் கடல் காத்து வந்துச்சு. நல்லா இருக்கேன்." "கடல் காத்து 12.30. மல்லி வாசனை வருது. நல்லா இருக்கேன்." பக்கம் பக்கமாக இப்படியே இருந்தது. அவள் பூவோடு சேர்த்துத் தன் மூச்சையும் கணக்கெடுத்திருக்கிறாள். நின்று படிக்க நேரமில்லை. கீழே ஓடினேன்.

வீட்டுக்கார அம்மா வாசலில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"பாப்பா பைய எட்த்துகினு போச்சே சார். மூணு மணி இருக்கும். நீதான் அனுப்பிச்சேன்னு நெனச்சேன்."

"வந்தா இங்கயே உட்கார வைங்கம்மா. எங்கயும் விட்டுடாதீங்க."

"ஏன் சார் ஓடுற? இன்னா ஆச்சு?"

எக்ஸ்பிரஸ் ரோட்டில் அன்று ஞாயிற்றுக்கிழமை என்ற அடையாளமே இல்லை. துறைமுகம் பக்கம் போகும் கன்டெய்னர்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வரிசையில் நின்றன. எதிர்ப்பக்கம் காலி வண்டிகள் வேகமாக வந்தன. நிற்கும் இரண்டு லாரிகளுக்கு நடுவே புகுந்துதான் கடக்க வேண்டும். அந்த இடத்தில் நிற்கும் சின்ன உருவம் டிரைவருக்குத் தெரியாது. வண்டி நகர்ந்தால் நகர்ந்ததுதான். அவள் இப்படித்தான் கடந்திருப்பாள். நிற்கும் வண்டிகளின் எண்களை என்னை அறியாமல் படித்துக்கொண்டிருந்தேன். அதில் இரண்டு, முந்தின நாள் நானே பாஸ் போட்டு அனுப்பியவை. ஒரு டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "பெர்சு, போறியா இல்லியா?" என்று கத்திய பிறகுதான் கடந்தேன்.

அந்தப் பக்கம் குப்பம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் பெரிய படகுகள் போகவில்லை. நாலைந்து ஆண்கள் நீலத் தார்ப்பாயின் நிழலில் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். மீன்காரம்மாவின் வீடு எது என்று கேட்டேன்.

"பூட்டிக் கீது சார். இன்னா விசயம்? மூச்சு வாங்குது உனக்கு, மொதல்ல ஒக்காரு."

"பன்னெண்டு வயசுப் பொண்ணு. கையில ஒரு பை."

"நம்ம தாவுல எல்லா புள்ளையும் கையில பையோடதான் சார் திரியுது."

"செடி கேட்டிருப்பா. அடம்பு."

"அத்த சொல்லு!" என்று இன்னொருவர் ஊசியைக் கீழே வைத்தார். "வந்துச்சே. அடம்பு வோணும்னுச்சு. ஆட்டுக்கா பாப்பான்னு கேட்டேன். ஒரு மொற மொறைச்சுச்சு பாரு, நான் வாயத் தொறக்கல. அக்காதான் இட்டுகினு வடக்கால போச்சு. நாலாவது தூண்டிலாண்ட. அங்கதான் மணலு கீது. மத்ததெல்லாம் கல்லு."

கடல் அரிக்காமலிருக்க, கருங்கல்லைக் கொட்டிக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டியிருக்கும் தூண்டில் வளைவுகள். எங்கள் கரையில் இப்போது பெரும்பாலும் அந்தக் கல்தான். ரோட்டுப் பக்கமாக, ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நடந்தேன். பாதி ஓட்டம், பாதி நடை. மூன்றாவதைத் தாண்டியதும் கல்லுக்கு நடுவே ஒரு மணல் திட்டு இருந்தது. அதன்மேல் அடம்பு.

நான் கடைசியாக இந்த மணலில் நின்றது மகள் பிறக்கும் முன்பு. அப்போது இந்தக் கொடியைப் பார்த்ததாக நினைவில்லை. பார்த்திருப்பேன், கவனித்திருக்க மாட்டேன். தடித்த இலைகள், ஒவ்வொன்றும் ஆட்டுக் குளம்பு பதிந்ததுபோல் நடுவில் பிளந்து, மண்ணோடு மண்ணாகத் தூரத்துக்கு ஓடியது. காலையில் விரிந்த பூக்கள் மதிய வெயிலில் சுருண்டு, நனைந்த காகிதம்போல் தொங்கின. வெளிறிய நண்டு ஒன்று கொடிக்கு அடியிலிருந்து ஓடி ஒரு துளைக்குள் இறங்கியது. கொடியின் ஓரத்தில் புதிதாகத் தோண்டிய குழி, உள்ளே மண் இன்னும் ஈரம். அருகே இரண்டு ஜோடிக் காலடிகள். ஒன்று அகலம், ஒன்று சின்னது.

காலடிகளைத் தொடர்ந்து போனேன். அவை நேராகத் தண்ணீரை நோக்கிப் போயின. ஈர மணலில் இறங்கின. அதற்கு மேல் இல்லை.

சட்டைப் பையில் கையை விட்டேன். இன்ஹேலர் இருந்தது. போன் இல்லை. மாடிச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றியபோது அதை அங்கே வைத்தவன் திரும்ப எடுக்கவில்லை.

முழங்கால் அளவுக்குத் தண்ணீரில் இறங்கி அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். எத்தனை முறை என்று தெரியாது. கடல் காற்று எதிரே வந்து வாயை அடைத்தது. கல்லின் மேல் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து கையை ஆட்டினார்.

"யோவ், அந்தாண்ட போகாத, ஆயம்!"

"பொண்ணு... ஒரு பொண்ணப் பாத்தீங்களா?"

"ரெண்டு பேரு தண்ணியோரமா தெக்கால போனாங்கோ. கொஞ்ச நேரமாச்சு. சின்னது நடக்க முடியாம ஒக்காந்து ஒக்காந்து போச்சு."

அவள் ஏன் உட்கார்ந்து உட்கார்ந்து போயிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அந்த மார்கழியிலும் படியேறும்போது அப்படித்தான் உட்கார்ந்தாள். மருந்து என் பையில் இருந்தது.

வந்த வழியே ஓடினேன். தார்ப்பாய்க்காரர்கள் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டுக் கத்தினார்கள்.

"ஷேர் ஆட்டோல ஏத்தினு போய்ட்ச்சு சார் அக்கா! புள்ளைக்கு மூச்சு இஸ்துச்சு. சுடுதண்ணி குட்த்துப் பாத்துச்சு, கேக்கல."

"எங்க? ஆஸ்பத்திரிக்கா, வீட்டுக்கா?"

அது அவர்களுக்குத் தெரியவில்லை.

எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாமல் எங்கே போவது? வீட்டுக்கு ஓடினேன். ரோட்டை எப்படிக் கடந்தேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. வாசலில் வீட்டுக்கார அம்மா மட்டும் நின்றார்கள். என் முகத்தைப் பார்த்ததும் கேள்வி கேட்கவில்லை. "இன்னும் வர்ல சார்" என்றார்கள். மாடிக்குப் போனேன். சுவரின் மேல் போன் வெயிலில் காய்ந்து கொதித்துக்கொண்டிருந்தது. தெரியாத ஒரே எண்ணிலிருந்து எட்டு அழைப்புகள். திருப்பி அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லியது. மறுபடி அடித்தேன். மனைவிக்கு அடித்தேன். என்ன சொன்னேனோ, அவள் "இருங்க, வர்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அந்திமந்தாரை விரிந்திருந்தது. பத்து நாள் உப்பைக் குடித்துவிட்டு, பாதி இலை கருகி, அது மட்டும் ஐந்தாறு பூவை விரித்துக்கொண்டு நின்றது. வழக்கமாக அதன் நேரத்தை அவள்தான் எழுதுவாள். நான் மணியைப் பார்த்தேன். ஐந்து ஐம்பது. எழுதவில்லை. கீழே வந்து வாசல்படியில் உட்கார்ந்தேன். அதற்குமேல் போக எனக்கு இடமும் இல்லை, காலும் இல்லை.

வீட்டுக்கார அம்மா ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். குடித்தேன். நல்ல தண்ணீர். அன்று அவர்கள் வீட்டில் எவ்வளவு மிச்சமிருந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. "புள்ளைங்கன்னா அப்படித்தான், வந்துடும்" என்று ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு ஆட்டோ திரும்பும்போதும் எழுந்தேன். ஒவ்வொரு முறையும் வேறு யாரோ இறங்கினார்கள்.

ஆறு முப்பத்தைந்துக்கு ஒரு ஷேர் ஆட்டோ நேராக எங்கள் வாசலில் வந்து நின்றது. முதலில் ஒரு தெர்மகோல் பெட்டி இறங்கியது. அதில் ஈர மணல், மணலில் அடம்பங்கொடி. பிறகு மீன்காரம்மா. அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு மகள். பாவாடை முழங்கால்வரை நனைந்து காய்ந்து மணல் ஒட்டியிருந்தது. முகம் வெளுத்திருந்தது. தோள் ஏறி இறங்கவில்லை. நான் முதலில் பார்த்தது அந்தத் தோளைத்தான்.

"இன்னா சார், போன எதுக்கு வெச்சிகினுகீற? ஊறுகா போடவா?" என்றார் மீன்காரம்மா. "எட்டு வாட்டி அட்ச்சேன். அப்பால என் போனு சார்ஜு பூட்ச்சு. நம்பர கரீட்டா சொல்லிச்சு புள்ள, மூச்சு இஸ்துகினே சொல்லிச்சு. கிளினிக்குல இட்டுனு போய் மருந்துப் புகை வெச்சாங்கோ. இப்ப ஷோக்கா கீது. திட்டாத. புள்ளய நீ அட்ச்சேன்னு தெரிஞ்சா, நாளைக்கு இந்தத் தெருவுல மீனு கெடையாது உனக்கு."

நான் திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து நீட்டினேன். வியர்வையிலும் கடல் தண்ணீரிலும் நனைந்திருந்தது. மகள் அதை வாங்கிக்கொண்டாள். உடனே பயன்படுத்தவில்லை, கையில் வைத்துக்கொண்டாள். மற்றொரு கையால் தெர்மகோல் பெட்டியைக் காட்டினாள். குரல் தேய்ந்திருந்தது.

"இதுக்குப் போர் தண்ணி ஊத்தலாம்ப்பா," என்றாள். "என்கிட்ட சொல்லிட்டே ஊத்தலாம்."